எல்லம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்

மேகலாவுக்கு வேலை அடுத்தவர் காயங்களைப் படிப்பது. வேலூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவள் ஆபீஸ். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றி அங்கே டாக்டர்கள் எழுதிய குறிப்புகள், இங்கே அவள் திரையில் வந்து விழும். படித்துப் பார்த்து, என்ன காயம், எதனால் வந்தது, எங்கே நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். மெடிக்கல் கோடிங் என்பார்கள். நோயாளியின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. காயம் மட்டும் தெரியும்.

அந்த வரிசையில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. அடிபட்ட நேரத்தில் ஆள் என்ன செய்துகொண்டிருந்தார்? நாயை நடக்கக் கூட்டிப்போயிருந்தால் அதற்கு ஓர் எண். வாசலில் கொட்டிய பனியை வாரிக்கொண்டிருந்தால் வேறு எண். கம்பளி பின்னினால், சமைத்தால், குளித்தால், துணி துவைத்தால், எல்லாவற்றுக்கும் ஒய்-93 என்று தொடங்கும் தனித்தனி எண்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கட்டம் பேஜார் பிடித்த வேலை. மேகலா மட்டும் அதை ஆசையாகத் தேடுவாள். எழுபது வயதுக் கிழவர் பேத்தியோடு டிராம்போலினில் குதித்து இடுப்பை ஒடித்துக்கொண்டதைப் படித்துவிட்டு அன்று முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் எழுதினத மட்டும் போடு. நீயா யோசிச்சி எதையும் போடாத" என்று அவள் டீம் லீடர் தூபா அடிக்கடி சொல்வாள். மேகலாவுக்கு அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. காயத்தைப் பார்த்ததும் கதை முழுக்கத் தெரிந்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் அப்பா காசி போன் செய்தார். காசி போன் செய்கிற ஆள் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் தோல் ஊறும் டிரம்மைப் பார்த்துக்கொள்கிறவர். மகளோடு பேச வேண்டுமென்றால்கூட மனைவி எல்லம்மாவைத்தான் பேசச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

"மேகலா, அம்மாவுக்கு கை ஒடஞ்சிடுச்சிம்மா. பயப்படாத. கட்டு போட்டாச்சி."

"எப்பப்பா? எப்டி?"

"நேத்து சாயங்காலம். பாத்ரூம்ல வழுக்கிடுச்சி."

"நேத்து நடந்தத இன்னிக்கு சொல்றியா? இன்னா பண்ணினு இருந்துச்சி அம்மா?"

டிரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அதான் சொன்னேனே, பாத்ரூம்ல" என்றார். "சூப்பர்வைசர் கூப்புடறாரு. வெச்சிடறேன்."

அம்மா கை ஒடிந்து கிடக்கும்போது இவர் ஏன் வேலைக்குப் போனார்? அந்தக் கேள்வி மேகலாவின் நெஞ்சுக்குள் முள்ளாகத் தங்கியது. தூபாவிடம் லீவு சொல்லிவிட்டு, ஹாஸ்டலில் இரண்டு துணியை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, பஸ் ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் தேங்கி நின்றபோது, இறங்கி நடந்தே போய்விடலாமா என்றிருந்தது. அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. மாதனூரில் இறங்கியதும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் வெயிலில் வேக வேகமாக நடந்தாள்.

ஷூ ஃபேக்டரி வேலைக்குப் போகாமல் எல்லம்மா கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. மகளைப் பார்த்ததும் முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் திடுக்கிடல் வந்தது.

"நீ ஏன்டி லீவு போட்டுனு வந்த? சின்னதா ஒடஞ்சிருக்குது, அவ்ளோதான்."

"எப்டி விழுந்த?"

"குளிக்கப் போனேன். சோப்புத் தண்ணி. காலு வழுக்கிச்சி."

மேகலா தண்ணீர் குடித்தாள், பாத்ரூமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சொரசொரப்பான சிமெண்டுத் தரை. வழுக்கவே வழுக்காது. சாயங்காலம் அம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது சும்மா கேட்கிற மாதிரி மறுபடியும் கேட்டாள்.

"துணி அலசினு இருந்தேன்டி. பக்கெட்ட தூக்க சொல்லோ வழுக்கிடுச்சி."

"குளிக்கப் போனேன்னு மதியம் சொன்ன?"

"குளிக்கப் போய், அப்டியே துணியும் அலசினேன். போலீஸ்காரி மாதிரி கேக்கற."

குளித்தது ஓர் எண், துணி துவைத்தது வேறு எண். மேகலாவின் மனசு தன் போக்கில் எண் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு எண்ணும் பொய் என்றும் அதே மனசு சொன்னது.

ஃபிரிட்ஜின் மேல் எக்ஸ்ரே இருந்த பெரிய கவர் கிடந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, சரியாக நடுவில், குறுக்காக ஒடிந்திருந்தது. அவள் டாக்டர் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக இதையே படிக்கிறவள். வழுக்கி விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒடியும். இந்த இடத்தில் ஒடிவது பெரும்பாலும் நேராக அடி விழுந்தால்தான். தலையில் விழ வந்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினவர்களின் குறிப்புகளில் இதே எலும்பு, இதே இடம் என்று அவள் படித்திருக்கிறாள்.

அன்று அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு நைட்டி மாற்றினாள். வலது கையின் மேல்பகுதியில் நீலம் பாரித்த தடங்கள். நான்கு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். விரல்கள். யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். முட்டியில் காய்ந்த சிராய்ப்பு. சில தடங்கள் புதுசு, சில மஞ்சளாகிப் பழசாகியிருந்தன. கணுக்காலைச் சுற்றியும் ஒரு பிடியின் தடம் இருந்தது. கணுக்காலைப் பிடித்து எதற்கு ஒருவர் இன்னொருவரை இழுக்க வேண்டும்? கீழே கிடக்கிறவளைத் தரதரவென்று இழுத்தால்தான் அங்கே தடம் விழும். மேகலா ஈரத்துணியை வாளியில் போட்டாள்.

"இது இன்னா?"

"ஃபேக்டரியில டேபிள் இடிச்சிடுச்சி. போட்டு உருட்டாத. தூக்கம் வருது எனக்கு."

காசி குடித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மேகலா ஆறாவது படித்த வருஷம். ஒருநாள் எல்லம்மா வீங்கின கன்னத்தோடு கம்பெனி பஸ் ஏறினாள். கேட்டவர்களிடமெல்லாம் கதவு இடித்துவிட்டது என்றாள். கதவு இடிக்கவில்லை என்பது மேகலாவுக்குத் தெரியும். பீரோவுக்குப் பக்கத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அப்புறம் காசிக்கு மஞ்சள்காமாலை வந்து சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்தார். அதற்குப் பிறகு அவர் குடித்ததில்லை, கை நீட்டினதும் இல்லை. வீடு அதை மறந்தது போலத்தான் இருந்தது. மேகலா மட்டும் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் காசி வேலைக்குப் போனபிறகு, பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள் மேகலா. தானும் ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

"அத்த, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்ல சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இன்னா சத்தம்?"

"அம்மா பாத்ரூம்ல விழுந்துச்சில்ல. கத்தியிருக்குமே."

வள்ளியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "பாத்ரூம்லயா? உங்கம்மா வெளிய இருந்து இல்ல வந்துச்சி. உங்கப்பா வண்டியில கூட்டினு வந்தாரு. மேலெல்லாம் மண்ணு. துணி மாத்திக்கினு உடனே ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நான் கூட கேட்டேன், உங்கப்பா பதிலே சொல்லல. மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருந்துச்சி."

மேகலா கையிலிருந்த கீரையைத் தண்டோடு நசுக்கிவிட்டதைப் பிறகுதான் பார்த்தாள்.

அன்று பகல் முழுக்க அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, குழைந்தபிறகு ஓடினாள். தூபா போன் செய்து, "அம்மாவுக்கு இப்ப எப்டி இருக்குது?" என்று கேட்டாள். "எலும்பு நடுவுல ஒடஞ்சிருக்குது தூபாக்கா. அடி வாங்கின மாதிரி" என்றாள் மேகலா.  "அம்மா இன்னா சொல்றாங்க?" என்றாள் தூபா. "பொய் சொல்றாங்க." "அப்ப பொறு. அவசரப்படாத" என்றாள் தூபா. பொறுத்துக்கொண்டிருந்த பெண்களின் குறிப்புகளை எத்தனை படித்திருக்கிறேன் என்று மேகலாவுக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் காசி வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு நேராகப் பின்பக்கத் தொட்டிக்குப் போய்க் கைகால் கழுவினார். டேனரியில் தோலுக்குப் போடுகிற மருந்தின் நீலம் நகக்கண்களில் எப்போதும் இருக்கும், கழுவினாலும் போகாது. எல்லம்மா மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மேகலா பின்கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அம்மாவ எங்க கூட்டினு போன ஞாயித்துக்கிழம?"

காசியின் கையிலிருந்த மக்கு பாதியில் நின்றது.

"எங்கயும் இல்லியே."

"வள்ளியம்மா அத்த பாத்துருக்காங்க. பாத்ரூம்ல விழல அது. நான் எக்ஸ்ரே பாத்தேன். கையில, கால்ல தடம் பாத்தேன். எனக்கு இது தெரியாதுன்னு நெனச்சியா? தெனம் இதத்தான்பா படிக்கறேன்."

"மேகலா..."

"மறுபடியும் அடிக்கறியா அம்மாவ?"

கேட்டுவிட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை வரும், கோபம் வரும், சத்தம் வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றாள். எதுவும் வரவில்லை. காசி அவள் முகத்தைப் பார்த்தார்.  மக்கைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். அது சரிந்து உள்ளே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

இல்லை என்றுகூடச் சொல்லவில்லையே. மேகலாவுக்கு அது போதுமானதாக இருந்தது. உள்ளே போய் அலமாரியிலிருந்து அம்மாவின் புடவைகளை எடுத்து ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிந்ததும் எல்லம்மா கட்டிலை விட்டு இறங்கும்போது பை வாசற்படி ஓரம் தயாராக இருந்தது.

"எங்க போற? இன்னிக்கே கெளம்பறியா?"

"நான் மட்டும் இல்ல. நீயும்தான். வேலூர்ல ரூம் பாத்துக்கலாம்."

"இன்னாடி உளர்ற? உங்கப்பா எங்க? நைட் ஷிப்ட்டுக்கு ஆளு கம்மின்னு போன்ல சொன்னாரு. இன்னும் வரலியா?"

"அவரு வர வேணாம். எனக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சிம்மா. நீ இனிமே பொய் சொல்ல வேணாம்."

எல்லம்மாவின் முகம் சட்டென்று மாறியது. பயமில்லை அது. திருட்டுத்தனமாக எதையோ தின்று மாட்டிக்கொண்ட குழந்தையின் முகம். கட்டிலிலேயே திரும்ப உட்கார்ந்தாள்.

"யாரு சொன்னது? மஹ்பூபியா? அவளுக்கு வாயில எதுவும் நிக்காது."

"மஹ்பூபி யாரு?"

"எங்க கேப்டன்."

மேகலாவுக்குப் புரியவில்லை. "எதுக்குக் கேப்டன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது எல்லம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் பாதி வெளியே வந்துவிட்டதால் மீதியைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"கபடிடி" என்றாள். "கபடி ஆடறோம். ஸ்டிச்சிங் லைன்ல இருக்கற பொம்பளைங்க எல்லாம்."

மகளிர் தினத்துக்கு ஃபேக்டரியில் எலுமிச்சையும் ஸ்பூனும் கொடுத்து ஓடச் சொன்னார்களாம். நாம என்ன எல்கேஜியா என்று ஸ்பூனைக் கீழே போட்டாளாம் மஹ்பூபி. கேண்டீனில் பேச்சோடு பேச்சாக, யார் யார் பள்ளிக்கூடத்தில் என்ன ஆடினீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒன்பதாவதோடு நின்றவர்கள், கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் கையைத் தூக்கியிருக்கிறார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலாற்றங்கரையில் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஆட்டம். வருகிற ஞாயிறு வேறொரு கம்பெனிப் பெண்களோடு போட்டி. எல்லம்மாதான் அவர்கள் அணியில் கால் பிடிக்கிறவள்.

"நம்ம சைடுக்குள்ள வந்தா எவளா இருந்தாலும் கணுக்கால புடிச்சிடுவேன். என்னையும் புடிப்பாளுங்க, விட மாட்டாளுங்க. அன்னிக்கு மஹ்பூபி கால வீசி எட்டி ஒதைச்சா. மூஞ்சிக்கு வந்துச்சின்னு கைய தூக்கினேன். டப்புனு சத்தம். பாவம், அவ அழுதா பாரு, எனக்குக்கூட அவ்ளோ அழுக வரல."

மேகலா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டயா?" எல்லம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருசம் ஆவுது. ஆறு மாசத்துக்கு வெயிட் தூக்காதன்னுதான் டாக்டர் சொன்னாரு. நீ என்ன சொன்ன? கொடம் தூக்காத, குந்தாத, ஓடாத, மாடிப்படி ஏறாத. போன் பண்ணா மொதக் கேள்வியே அதான். எனக்கு நாப்பத்தாறு வயசுடி. கெழவி இல்ல. உங்கிட்ட சொன்னா நிறுத்திடுவ. அதான் உங்கப்பா கிட்டயும் சத்தியம் வாங்கினேன், அவகிட்ட வாயே தொறக்கக் கூடாதுன்னு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அந்தாளுதான் வாரா வாரம் கூட்டினு போறாரு. கல்லு பொறுக்கறாரு, கோடு போடறாரு. உன் காலேஜ் டிராக் பேன்ட்ட எனக்கு சைஸ் சரி பண்ணித் தெச்சிக்கோன்னு எடுத்துக் குடுத்ததே அவருதான்."

 எல்லம்மா அவளையும், வாசற்படி ஓரம் இருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"நீ இன்னா நெனச்ச? எதுக்கு என் துணிய மூட்ட கட்டி வெச்சிருக்க?"

மேகலா போய்ப் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். எல்லம்மா எழுந்து நின்றாள். "உங்கப்பா கிட்ட இன்னா கேட்ட? சொல்லுடி."

மேகலா சொன்னாள். கேட்ட வார்த்தையை அப்படியே சொன்னாள். குறைத்துச் சொல்ல நாக்கு புரளவில்லை.

எல்லம்மா அடிக்கிற மாதிரி வலது கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே இறங்கி மேகலாவின் தோளில் விழுந்தது. "அந்த மனுசன் பதிமூணு வருசமா ஒரு சொட்டு தொடலடி" என்றாள்.  "அது எனக்குல்ல தெரியும் என்ன பாடுன்னு. போ. போய் கூட்டினு வா."

"எங்கம்மா இருப்பாரு?"

"நைட்டு எங்க படுத்தாரோ, தெரியல. இந்நேரத்துக்கு கிரவுண்டுலதான் இருப்பாரு. போட்டிக்கு முன்னாடி மண்ணக் கொத்தி விடறேன்னு அவளுங்களுக்கு சொல்லியிருக்காரு. சொன்னா செய்யாம இருக்க மாட்டாரு."

மேகலா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். கம்பெனி பஸ்கள் போய்விட்ட நேரம், ஊர் வெறிச்சென்று இருந்தது. தோப்புக்குள் நுழைந்ததும் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. கால்கள் தாமாக மெதுவாயின. 

காசி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். நீள் சதுரமாகப் பாதிக் களம் பொலபொலவென்று ஆகியிருந்தது. பாதி இறுகிக் கிடந்தது. ஓரத்தில் பொறுக்கிய கற்கள் ஒரு குவியல். அவளைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

"அப்பா."

மண்வெட்டி விழுந்தது, எழுந்தது.

"அம்மா சொல்லிடுச்சிப்பா. கபடி."

"ம்."

"எனக்குத் தெரியாது. எலும்ப பாத்து... தப்பா நெனச்சிட்டேன். நான் அப்டிக் கேட்டிருக்கக் கூடாது. நீ ஏம்பா ஒரு வார்த்த இல்லன்னு சொல்லல?"

காசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் மூச்சு அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"இன்னான்னு சொல்றது?" என்றார். "நான் அடிச்சவன்தானே. நீ பீரோ பக்கத்துல நின்னு பாத்துனு இருந்த. அன்னிக்கு உன்ன பாத்தேன் நான். அந்த மூஞ்சி எனக்கு மறக்கல. நேத்து நீ கேக்க சொல்லோ அதே மூஞ்சி. எனக்கு வாய் வரல."

மேகலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்று கேட்டார் காசி.

நம்பியிருப்பேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "தெரியலப்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதிலில் அவருக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. களைப்பு இருந்தது. "நீ வீட்டுக்குப் போ" என்றார். "அம்மாவுக்கு டிபன் குடு. நான் இத முடிச்சிட்டு வர்றேன்."

"நானும் கல்லு பொறுக்கறேன்."

"வேணாம் மேகலா. கொஞ்ச நாளைக்கு என்னை விடு."

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வரும் வழியில் தோப்பின் நடுவில் நின்று அழுது முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்த புடவைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

காசி மத்தியானம் வந்தார், குளித்தார், சாப்பிட்டார். எல்லம்மாவிடம் பேசினார். மேகலாவிடம் பேச வேண்டிய இடங்களில் எல்லம்மாவிடம் சொன்னார். "அவள தூங்கச் சொல்லு. கண்ணு செவந்து கெடக்குது." மேகலா தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் எடுத்துக் குடித்தார். கோபமாக இருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. வீட்டுக்குள் அவர் நடமாடும்போதெல்லாம் மேகலா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், போனை எடுத்தாள், வைத்தாள். தூபாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினாள்: நான் நினைத்தது தப்பு, வந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மஹ்பூபி வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப். எலும்பு கூடுவதற்கு இதைவிட மருந்து இல்லை என்று எல்லம்மாவை ஒரே மூச்சில் குடிக்கவைத்தாள். குடித்து முடிக்கும்வரை அவள் கட்டையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"ஆப்பா, உங்க இடத்துல ஆட ஆளு இல்ல. ஆறு பேரோட எறங்கறோம்" என்றாள். எல்லம்மாவை உருதுவில் அக்கா என்று அவள் கூப்பிடுவது அப்படி. பிறகு மேகலாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஆடுவியா?"

"எனக்கு ஓடவே வராது" என்றாள் மேகலா. அந்த வீட்டில் மூன்று நாளில் எல்லம்மா முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கெல்லாம் ஆற்றங்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுடிதார் மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினவர்கள், புருஷனின் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். ஒருத்தி தாலியைச் சட்டைக்குள் போட்டுப் பின் குத்திக்கொண்டிருந்தாள். எல்லம்மா கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கவிட்டபடி கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. ஆட்டம் தொடங்கியதும் எழுந்தவள் எழுந்தவள்தான். "கால புடி! காலடி, கால புடி!" என்று கத்திக்கொண்டு கோட்டோரமாக இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தாள். மேகலா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். விழுந்துவிடப் போகிறாளே என்று ஒவ்வொரு முறையும் வாய் வரை வந்ததை விழுங்கினாள்.

அம்மாவை இப்படி அவள் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எதிரணிப் பெண் உள்ளே வந்தால் எல்லம்மாவின் முட்டிகள் தாமாக மடங்கின. கட்டுப்போட்ட கைகூடத் துணிக்குள் துடித்தது. இரண்டு வருஷமாக இந்த உடம்பைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோமே என்று மேகலாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஆறு பேர் ஏழு பேரோடு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது? பாதி ஆட்டம் வரை சமமாக வந்து, அப்புறம் சரிந்தார்கள். மஹ்பூபி கடைசியாக ஏறிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மாட்டிக்கொண்டாள். விசில் ஊதியது. தோற்றவர்கள் களத்திலேயே மல்லாந்து படுத்து மூச்சு வாங்கினார்கள். அழுவார்கள் என்று மேகலா நினைத்தாள். யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த போட்டி எப்போது என்று படுத்தபடியே கேட்டாள் மஹ்பூபி.

காசி ஆட்டம் முழுக்க எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தார். கோடு அழிந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடி தூவுவதும், ஒதுங்குவதுமாக இருந்தார். மேகலா இருந்த பக்கம் வரவில்லை. ஒரே ஒருமுறை எல்லம்மா கத்திய கத்தலில் அவர் சிரித்தபோது, மேகலாவும் சிரித்தாள். பார்வை சந்தித்தது. அவர் குனிந்து சுண்ணாம்பை அள்ளினார்.

பெண்கள் தண்ணீர் தண்ணீர் என்றார்கள். தோப்பின் ஓரம் ஆட்டோவில் வந்திறங்கிய தண்ணீர் கேன்கள் இருந்தன. காசி அங்கே போய் ஒன்றைத் தூக்கப் பார்த்தார். பெரிய கேன், நிறைய இருந்தது. தோளுக்கு ஏற்றப்போனவர் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"மேகலா" என்றார். "இங்க வா. அந்தப் பக்கம் புடி."

அவள் நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கனம் அவள் விரல்களை அறுத்தது. மணலில் கால் புதையப் பத்தடி நடந்திருப்பார்கள்.

"கீழ வை" என்றார் காசி. "கை மாத்திக்க."

வைத்தார்கள். கையை உதறிக்கொண்டாள். பக்கம் மாறி நின்றார்கள். அவர் குனிந்து பிடித்துக்கொண்டு, அவள் பிடிக்கும்வரை காத்திருந்து, தூக்கினார்.